பெப்டைடு ஜெல்லின் விறைப்பை மாற்றுவது எப்படி: நீலத்தை நம்ப வேண்டாம்

என் அப்பா வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் பதனிடும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தார். குரோமியம் உப்பில் சுழன்ற தோல் மர டிரம்மிலிருந்து வெளியே வந்ததும், தடித்த இடமாகப் பார்த்து ஒரு சின்னத் துண்டை வெட்டுவார். அதைத் தாளில் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்துகொள்வார். பிறகு கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி அதே கோட்டின்மேல் வைப்பார். துண்டு கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் பதம் போதவில்லை, டிரம் இன்னும் சுழல வேண்டும். தோல் அதற்குள் நீலமாகியிருக்கும். அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே ‘வெட் ப்ளூ’தான். ஆனால் நிறத்தைப் பார்த்து அப்பா ஒருநாளும் முடிவெடுத்ததில்லை.

நான் இப்போது பெப்டைடு ஜெல்களோடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள் வலையாகித் தண்ணீரைப் பிடித்து நிற்கும் ஜெல்களோடு, வேலை செய்கிறேன். முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வகத்தில் இதைக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் ஜெல்லும் நீலமாகிறது. ஜெனிபின் என்ற பிணைப்பான் பெப்டைடில் உள்ள அமீன் எனும் நைட்ரஜன் தொகுதிகளோடு வினைபுரிந்து, காற்றின் ஆக்சிஜனும் சேரும்போது அடர்நீலம் தருகிறது. ஆரம்பத்தில், நீலம் ஏறினால் ஜெல் விறைத்துவிட்டது என்று நானும் குறிப்பேட்டில் எழுதினேன். ஜெல்லை முறுக்கி விறைப்பை அளக்கும் ரியோமீட்டரில் வைத்தபோது கருநீல ஜெல்லைவிட வெளிர்நீல ஜெல் அதிக விறைப்பாக இருந்தது. அன்று அப்பாவின் கொதிநீர்த் துண்டு ஞாபகத்துக்கு வந்தது. தோலும் ஜெல்லும் வேதியியலில் அவ்வளவு தூரத்துச் சொந்தமும் இல்லை. தோல் என்பது கொலாஜன், கொலாஜன் என்பது நீண்ட பெப்டைடுச் சங்கிலி, பதனிடுதல் என்பது அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் குறுக்குக் கட்டு எத்தனை விழுந்தது, அதில் எத்தனை உண்மையில் சுமை தாங்குகிறது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

பெப்டைடைக் கூட்டினால் போதாதா?

ஜெல் தளர்வாக இருந்தால் பெப்டைடின் அளவைக் கூட்டினால் விறைத்துவிடும். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். வெறும் ஜெல்தான் வேண்டும் என்றால் அதுவே போதும். ஆனால் அதில் செல் வளர்க்கப்போகிறீர்கள் என்றால் அது தவறான வழி. பெப்டைடு இரட்டித்தால் விறைப்போடு நார்களின் நெருக்கமும் கூடுகிறது, துளைகள் சுருங்குகின்றன, செல் பற்றிக்கொள்ளும் இடங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. கடைசியில் செல் நடந்துகொண்ட விதத்துக்கு எது காரணம் என்று உங்களால் சொல்ல முடியாது.

விறைப்பு செல்லுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2006இல் எங்லர், டிஷ்சர் குழுவினரின் ஆய்வு எல்லோருக்கும் காட்டியது. மூளைத் திசு அளவுக்கு, அதாவது விறைப்பின் அலகில் 0.1 முதல் 1 கிலோபாஸ்கல் வரை, மென்மையான பரப்பில் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் நரம்பு செல் சாயலில் போயின. தசை அளவான 8 முதல் 17 கிலோபாஸ்கலில் தசைச் சாயல். 25 முதல் 40 கிலோபாஸ்கலில் எலும்புச் சாயல். அப்படியானால் பெப்டைடு அளவைத் தொடாமல் விறைப்பை மட்டும் நகர்த்த ஒரு திருகு தேவை. வேதிக் குறுக்குப் பிணைப்பு அந்தத் திருகு. இதற்கு ஒரு நல்ல சான்று, ஜோயல் காலியர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. கியூ-11 என்ற பதினொரு அமினோ அமிலப் பெப்டைடின் ஒரு முனையில் சிஸ்டீனும் மறுமுனையில் அதோடு வினைபுரியும் தயோஎஸ்டர் தொகுதியும் வைத்து, நார் உருவான பிறகு பெப்டைடுகளை முனையோடு முனை கோத்தார்கள். விறைப்பு சுமார் ஐந்து மடங்கு கூடியது.

முதலில் அமீனை எண்ணுங்கள்

எடுத்துக்காட்டுக்கு நான் எப்போதும் கே.எல்.டி-12 பெப்டைடையே எடுத்துக்கொள்கிறேன். லைசின், லியூசின், ஆஸ்பார்டிக் அமிலம், லியூசின் என்ற நாலெழுத்துக் கோவை மூன்று முறை திரும்ப வருவது. ஒரு முனை அசெட்டைல், மறுமுனை அமைடு. குருத்தெலும்பு செல்களை வைத்து வளர்க்க 2002இலேயே பயன்பட்ட பெப்டைடு இது. லியூசின்கள் ஒரு பக்கம், மின்னூட்டம் உள்ளவை மறுபக்கம் என்று நிற்பதால் பீட்டா தகடாக அடுக்கி நாராகிறது. லைசின்கள் நாரின் வெளிமுகத்தில் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. பிணைப்பானுக்கு எட்டும் இடம். உங்கள் பெப்டைடில் லைசினும் இல்லை, அடைக்காத முனை அமீனும் இல்லை என்றால் ஜெனிபின் அதில் எதையும் பிடிக்காது. அர்ஜினின் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது முதன்மை அமீன் போல நடந்துகொள்வதில்லை, அதை நம்பாதீர்கள்.

இந்தப் பெப்டைடின் மூலக்கூறு எடை சுமார் 1468. ஒரு மூலக்கூறில் மூன்று லைசின், அதாவது மூன்று அமீன். முனையை அசெட்டைல் அடைத்துவிட்டதால் அதை எண்ணக் கூடாது. 0.5 சதவீத ஜெல் என்றால் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது 3.4 மில்லிமோலார் பெப்டைடு, 10.2 மில்லிமோலார் அமீன். இந்த ஒற்றை எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வட்டமிடுங்கள். இனி எல்லா அளவும் இதற்கு எதிராகத்தான்.

ஒரு எச்சரிக்கை. விற்பனையாளர் அனுப்பும் குப்பியில் 100 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது 100 மில்லிகிராம் பெப்டைடு அல்ல. சுத்திகரிப்பின்போது வந்த டிரைபுளூரோஅசெட்டிக் அமிலம் ஒவ்வொரு லைசினோடும் உப்பாக ஒட்டியிருக்கும், ஈரமும் இருக்கும். மூன்று லைசின் உள்ள இந்தப் பெப்டைடில் அமிலத்தின் பங்கை மட்டும் கணக்கிட்டாலே தூளில் ஐந்தில் ஒரு பங்கு அதுவாகிவிடுகிறது. கூட வரும் சான்றிதழில் ‘நிகரப் பெப்டைடு அளவு’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அதை வைத்து எடை போடுங்கள். இதைச் செய்யாதவர்களின் ஜெல் எப்போதும் சொன்னதைவிடத் தளர்வாகவே இருக்கும், காரணமும் புரியாது.

ஜெலட்டினில் கை பழகட்டும்

செயற்கைப் பெப்டைடு விலை அதிகம். அதில் நேரடியாகக் கை வைப்பதை என் ஆய்வகத்தில் நான் அனுமதிப்பதில்லை. முதல் இரண்டு வாரம் ஜெலட்டின்தான். ஜெலட்டின் என்பது முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். அதன் முறுக்கு, மூன்று இழைச் சுருள் என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து கோ. நா. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். ஜெலட்டினைக் குளிரவைத்தால் அந்தச் சுருள் அங்கங்கே திரும்பவும் முறுக்கிக்கொள்கிறது, அதனால்தான் உறைகிறது. முப்பது, முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் முறுக்கு அவிழ்ந்து கரைகிறது. இந்த உருகல் நமக்குப் பெரிய வசதி. அது நம் கொதிநீர்த் துண்டு.

செய்யும் விதம் இது. ஐந்து சதவீத ஜெலட்டினை, பி.எச்.ஐ 7.4இல் அசையாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசலான பாஸ்பேட் தாங்கல் கரைசலில், குளிர்ந்த நிலையில் அரைமணி ஊறவைத்து, 45 டிகிரியில் கரையுங்கள். நேராகச் சூட்டில் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு கிராம் ஜெலட்டினில் ஏறத்தாழ 0.3 மில்லிமோல் அமீன் இருக்கிறது. ஐந்து சதவீதத்தில் அது 15 மில்லிமோலார். ஒரு ஜெனிபின் மூலக்கூறு இரண்டு அமீன்களை இணைக்கும் பாலம் என்பதால், எல்லா அமீனும் பாலத்தில் மாட்ட 7.5 மில்லிமோலார் போதும். ஜெனிபினின் மூலக்கூறு எடை 226. அப்படியானால் மில்லிலிட்டருக்கு 1.7 மில்லிகிராம். இதற்குக் கீழே நாலு, மேலே ஒன்று என்று ஆறு குப்பிகள் போடுங்கள். ஏழாவது குப்பியில் ஜெனிபினே இருக்கக் கூடாது.

சூடாக இருக்கும்போதே ஜெனிபினைக் கலந்து 37 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு குப்பியையும் 37 டிகிரியிலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஏழாவது குப்பி ஒழுகும். ஜெனிபின் மிகக் குறைந்த குப்பியும் ஒருவேளை ஒழுகும். எந்த அளவில் முதன்முதலாக ஒழுகாமல் நிற்கிறதோ அதுதான் வலை முதன்முதலாகக் குப்பி முழுவதும் தொடர்ந்து பின்னிய இடம். கருவி எதுவும் இல்லாமல், ஒரு இன்குபேட்டரை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த வாரம் இன்னொரு தொகுதி. இம்முறை ஜெலட்டினை முதலில் 4 டிகிரியில் இரவு முழுவதும் உறையவைத்து, பிறகு அறை வெப்பத்துக்கு மேல் போகாமல் ஜெனிபின் கரைசலில் ஊறவையுங்கள். அதே ஜெலட்டின், அதே ஜெனிபின், ஆனால் வேறு ஜெல். முதல் தொகுதியில் வேதிப் பாலம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் முறுக்கும் பாலமும் சேர்ந்து நிற்கின்றன, 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் முறுக்கு அவிழ்ந்து விறைப்பு இறங்குகிறது. எதை முதலில் செய்தோம் என்பதுதான் இறுதி விறைப்பைத் தீர்மானிக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தவர்களைவிட இரண்டு குப்பிகளையும் விரலால் அழுத்திப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஜெனிபினைக் கையாளும் விதம்

ஜெனிபின் கார்டீனியா செடியின் பழத்திலிருந்து வருவது. சீனா, ஜப்பான், கொரியாவில் அந்தப் பழத்தை உணவுக்கு மஞ்சள் நிறம் ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். பழத்தில் இருப்பது ஜெனிபோசைடு. நொதி அதிலிருந்து சர்க்கரையைக் கழற்றினால் ஜெனிபின். குளூட்டரால்டிஹைடு என்ற இன்னொரு பிணைப்பானைவிடச் செல்களுக்கு இதன் நச்சு பல மடங்கு குறைவு என்பதுதான் இதைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது நிதானமாக வினைபுரிகிறது, அந்த நிதானம் எவ்வளவு பெரிய வரம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரையாது. 10 மில்லிகிராமை அரை மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து, பாஸ்பேட் தாங்கல் கரைசலால் 10 மில்லிலிட்டராக்குங்கள். மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற இருப்புக் கரைசல் தயார். அன்றன்றைக்குச் செய்யுங்கள், நேற்றையதைப் பயன்படுத்தாதீர்கள். பி.எச். 7.4ஐ விட்டு நகராதீர்கள். அமிலப் பக்கம் போனால் லைசின்கள் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு வினைபுரிய மறுக்கும். காரப் பக்கம் அதிகம் போனால் ஜெனிபின் வளையம் திறந்து தனக்குத்தானே கோத்துக்கொள்ளும். அப்போது பாலங்களின் நீளம் கட்டுக்கடங்காமல் போகிறது.

இப்போது கே.எல்.டி-12. இதற்கு ஒரே விதி, முதலில் நார், பிறகு பாலம். பெப்டைடையும் ஜெனிபினையும் ஒன்றாகக் கரைத்து வைத்தால், அடுக்கிக்கொள்ளும் முன்பே லைசின்கள் மாட்டிக்கொண்டு நார் ஒழுங்காக உருவாகாது. பெப்டைடை 10 சதவீத சுக்ரோஸ் கரைசலில், உப்பில்லாமல், 0.5 சதவீதமாகக் கரையுங்கள். சில நிமிடம் ஒலியலைத் தொட்டியில் வைத்தால் தெளியும். 8 மில்லிமீட்டர் துளையும் 1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கோன் வளையத்தில் 50 மைக்ரோலிட்டர் விட்டு, மேலே மெதுவாக பாஸ்பேட் தாங்கல் கரைசலை ஊற்றுங்கள். உப்பு உள்ளே போனதும் மின்னூட்டங்களின் தள்ளல் குறைந்து ஜெல் உறைகிறது. இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

மறுநாள் பிணைப்பான் குளியல். என் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தவறும் இடம் இது. குளியலின் செறிவை மட்டும் பார்க்கிறார்கள், குளியலின் கன அளவை மறந்துவிடுகிறார்கள். 50 மைக்ரோலிட்டர் ஜெல்லில் இருக்கும் அமீன் வெறும் 0.51 மைக்ரோமோல். அமீனுக்குக் கால் பங்கு என்று கணக்குப் போட்டு 2.55 மில்லிமோலார் ஜெனிபின் செய்து, அதை ஒரு மில்லிலிட்டர் ஊற்றினால், உள்ளே போனது கால் பங்கல்ல, ஐந்து பங்கு. இருபது மடங்கு வித்தியாசம். அதனால் செறிவை மறந்து, மைக்ரோமோலில் யோசியுங்கள். அமீனுக்கு 0.1, 0.25, 0.5, 1 என்ற விகிதங்களுக்கு ஜெல் ஒன்றுக்கு முறையே 11.5, 29, 58, 115 மைக்ரோகிராம் ஜெனிபின் வேண்டும். நம் இருப்புக் கரைசலில் அதே எண்ணிக்கை மைக்ரோலிட்டர். ஒவ்வொன்றையும் தாங்கல் கரைசலால் 450 மைக்ரோலிட்டராக நிரப்புங்கள். எல்லாக் குளியலிலும், ஜெனிபின் இல்லாததிலும்கூட, எத்தனால் அளவு ஒன்றாக இருக்கட்டும். 37 டிகிரி, 24 மணி நேரம், மூடி இறுக்கமாக. நேரத்தையும் வெப்பத்தையும் அசைக்காமல் ஜெனிபினை மட்டும் அசையுங்கள்.

நிதானம் வரம் என்றேன். சிறிய மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் தடிமனான ஜெல்லுக்குள் ஊடுருவ ஏறத்தாழ கால்மணி, இருபது நிமிடம் ஆகும். தடிமன் இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு. ஜெனிபின் வினை மணிக்கணக்கில் நடப்பதால், அது முழுவதும் பரவிய பிறகுதான் பாலங்கள் விழத் தொடங்குகின்றன. ஜெல் சீராக விறைக்கிறது. குளூட்டரால்டிஹைடு நுழையும்போதே பிடித்துக்கொள்கிறது. மேலே தோல் கட்டி, உள்ளே தளர்ந்தே இருக்கும். அப்பா தடித்த இடத்தில் துண்டு வெட்டியதும் இதே பயத்தால்தான்.

இனி நீலத்துக்கு வருகிறேன். நீலம் வர ஆக்சிஜன் வேண்டும். காற்றைப் பார்த்த பக்கம் முதலில் நீலமாகும், அடிப்பக்கம் பின்தங்கும். இது நிறத்தின் ஏற்றத்தாழ்வு, பாலங்களின் ஏற்றத்தாழ்வு அல்ல. மேலும் ஜெனிபின் மிஞ்சினால் ஒவ்வொரு அமீனும் தனக்கென ஒரு ஜெனிபினைப் பிடித்துக்கொள்கிறது. பாலத்தின் மறுமுனை பிடிக்க அமீன் மிச்சமில்லை. பாதிப் பாலங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. நிறம் கருக்கிறது, விறைப்பு ஏறுவதில்லை, சில நேரம் இறங்கவும் செய்கிறது. என் பழைய கருநீல ஜெல்லின் கதை இதுதான்.

ரியோமீட்டரில்

8 மில்லிமீட்டர் தட்டு, 1 மில்லிமீட்டர் இடைவெளி. ஜெல்லும் அதே அளவில் வார்த்திருப்பதால் வெட்ட வேண்டிய வேலை இல்லை. 20 மில்லிமீட்டர் தட்டுக்குப் போனால் ஒரு ஜெல்லுக்கு 314 மைக்ரோலிட்டர், ஆறு மடங்கு பெப்டைடு. தேவையில்லை.

முதலில் திரிபு வருடல் செய்யுங்கள், அதாவது ஜெல்லை முறுக்கும் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ், திரிபு 0.01 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை. மீள்தன்மைக் குணகம், நாங்கள் ஜி பிரைம் என்று சொல்வது, தட்டையாக ஓடி எங்கே விழத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஜெலட்டின் நீண்ட தூரம் தாங்கும். பெப்டைடு நார் ஜெல் ஒரு சதவீதத் திரிபு அருகிலேயே உடையத் தொடங்கலாம். குறுக்குப் பிணைப்பு கூடக்கூட இந்த எல்லை இன்னும் முன்னால் வரக்கூடும். அதனால் ஒரு ஜெல்லுக்குப் பார்த்த எல்லையை அடுத்ததற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனியாக, இதற்கென்று ஒரு ஜெல்லைப் பலிகொடுத்துப் பாருங்கள். பிறகு புது ஜெல் எடுத்து, பாதுகாப்பான திரிபில், 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் வருடல். ஜி பிரைம் கோடு ஏறாமல் இறங்காமல் படுத்திருந்து, இழப்புக் குணகமான ஜி டபுள் பிரைம் அதற்கு நன்றாகக் கீழே ஓடினால் உண்மையான வலை உங்களிடம் இருக்கிறது.

விறைத்த ஜெல் தட்டில் வழுக்கும். அப்போது கருவி குறைவான எண்ணைக் காட்டும், நீங்கள் பிணைப்பு வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள். இரண்டு தட்டிலும் தண்ணீரில் ஊறாத மெல்லிய உப்புத்தாள் ஒட்டி மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால் முதலில் பார்த்தது வழுக்கல். ஓரத்தைச் சுற்றி ஈரத்துணியோ மெல்லிய கனிம எண்ணெயோ வைத்துக் காயாமல் காக்க வேண்டும். காய்ந்த ஜெல் அழகான, பொய்யான, ஏறுமுகமான கோடு தரும்.

கிடைத்த எண்ணைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 37 டிகிரியில், சுமை தாங்கும் ஒவ்வொரு மில்லிமோலார் இழைக்கும் சுமார் 2.6 கிலோபாஸ்கல் என்று ரப்பர் மீள்தன்மைக் கோட்பாடு சொல்கிறது. நம் ஜெலட்டினில் 7.5 மில்லிமோலார் பாலமும் ஒழுங்காக விழுந்து, பாலத்துக்கு ஓர் இழை என்று எண்ணினால்கூட 19 கிலோபாஸ்கல் வர வேண்டும். கையில் வருவது அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். மீதிப் பாலங்கள் ஒரே சங்கிலியின் இரண்டு இடங்களைக் கட்டி வளையம் போட்டுவிட்டன, அல்லது தொங்குகின்றன. பெப்டைடு நார் விறைத்த கம்பி போன்றது, அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எத்தனை பாலம் வீணாகிறது என்று உறைக்கச் செய்ய இதைவிட நல்ல கணக்கு இல்லை. செல் ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் இழுப்புக்கும் அழுத்தத்துக்குமான விறைப்பைச் சொல்லும் யங் குணகம் இருக்கும், அது ஜி பிரைமின் ஏறத்தாழ மூன்று மடங்கு.

மிச்ச அமீனை அளப்பது

ரியோமீட்டர் சுமை தாங்கும் பாலங்களைச் சொல்கிறது. மொத்தம் எத்தனை அமீன் வினைபுரிந்தது என்று சொல்ல மிச்ச அமீனை எண்ண வேண்டும். பலரும் அமீனோடு சேர்ந்து ஊதா தரும் நின்ஹைட்ரினை எடுப்பார்கள். ஜெனிபின் ஜெல்லுக்கு அது ஆகாது. நின்ஹைட்ரின் ஊதாவை 570 நானோமீட்டரில் படிக்கிறோம், ஜெனிபின் நீலமோ 600க்கு அருகில் அகலமாகப் பரந்து நிற்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். நான் அமீனோடு சேர்ந்து மஞ்சள் தரும் டிரைநைட்ரோபென்சீன் சல்போனிக் அமிலத்தை, சுருக்கமாக டி.என்.பி.எஸ்., பயன்படுத்துகிறேன். நாலு சதவீத சோடியம் பைகார்பனேட்டில், 40 டிகிரியில் நாலு மணி நேரம், பிறகு 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 346 நானோமீட்டரில் படிப்பது. வெற்றுச் சோதனைக்கு அதே ஜெல்லின் இன்னொரு துண்டை எடுத்து, டி.என்.பி.எஸ். சேர்ப்பதற்கு முன்பே அமிலத்தை ஊற்றிவிடுங்கள். ஜெல்லின் சொந்த நிறம் அதில் கழிந்துவிடும். டி.என்.பி.எஸ். காய்ந்தால் வெடிக்கக்கூடியது. கரைசலாகவே வாங்குங்கள், குப்பியின் வாயில் படிகம் கட்ட விடாதீர்கள்.

இரண்டு எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள், கீழே வினைபுரிந்த அமீன் சதவீதம், பக்கத்தில் ஜி பிரைம். அமீன் தீர்ந்துகொண்டே போக, ஜி பிரைம் ஓரிடத்தில் ஏறுவதை நிறுத்திவிடும். அந்த முழங்கைதான் உங்கள் பெப்டைடுக்கான உச்ச அளவு. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு மைக்ரோகிராமும் நிறத்துக்கு மட்டுமே.

மற்றப் பிணைப்பான்கள்

கார்போடைஇமைடு வகையான ஈ.டி.சி., அதற்குத் துணையான என்.எச்.எஸ். ஜோடி கார்பாக்சில் எனும் அமிலத் தொகுதியையும் அமீனையும் நேரடியாகக் கட்டிவிட்டுத் தான் யூரியாவாகக் கழுவிப்போகிறது. ஜெல்லில் எதுவும் தங்காது, நிறமும் இல்லை. ஆனால் நடுவில் நீளமே இல்லாத கட்டு என்பதால், இரண்டு தொகுதியும் ஏற்கெனவே தொட்டுக்கொண்டு இருந்தால்தான் விழும். கே.எல்.டி-12 நாரில் லைசினும் ஆஸ்பார்டிக் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால் பெரும்பாலான கட்டு ஒரே நாருக்குள் விழுகிறது, நாருக்கும் நாருக்கும் நடுவே அல்ல. அமீன் எண்ணிக்கை வேகமாக இறங்கும், விறைப்பு அந்த அளவுக்கு ஏறாது. நார் கரையாமல் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு நல்லது. பி.எச். 5.5 அருகில் எம்.ஈ.எஸ். தாங்கல் கரைசலில் செய்யுங்கள். டிரிஸ், அசெட்டேட் இரண்டும் வினையில் தாங்களே புகுந்துகொள்ளும், பாஸ்பேட்டும் ஈ.டி.சி.யைத் தின்னும். ஈ.டி.சி. குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் ஈரம் இறங்கிப் பாழாகும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

குளூட்டரால்டிஹைடை செல் வேலைக்கு நான் தொடுவதில்லை. மின்நுண்ணோக்கிக்கு மாதிரி நிலைப்படுத்த மட்டும், புகைபோக்கிப் பெட்டிக்குள். டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி குளூட்டமினையும் லைசினையும் கட்டும், ஜெலட்டினுக்கு அருமையானது. உங்கள் பெப்டைடில் குளூட்டமின் இல்லை என்றால் பயனில்லை. சிஸ்டீன் வைத்த பெப்டைடு காற்றிலேயே டைசல்பைடாகும், குறைப்பான் சேர்த்தால் அவிழும். விறைப்பை ஏற்றி இறக்கிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

செல் வைப்பதற்கு முன்

கட்டிய ஜெல்லை மூன்று நாள் கழுவுங்கள். முதல் நாள் மூன்று முறை, பிறகு காலை மாலை. கழுவிய நீரை 240 நானோமீட்டரில் பாருங்கள், ஜெனிபின் அங்கே உறிஞ்சும். வெற்று நீரோடு வேறுபாடு தெரியாத வரை கழுவ வேண்டும். நீல நிறமி சிவப்புப் பக்கம், 630 நானோமீட்டர் அருகே ஒளிர்கிறது. அதனால் சிவப்புச் சாயம் ஏற்றிய செல்களை இந்த ஜெல்லில் படமெடுக்கத் திட்டமிடாதீர்கள். பச்சைச் சாயம் எடுங்கள், செல் இல்லாத ஜெல்லையும் அதே அமைப்பில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஊசியில் ஏற்றிச் செலுத்தப் போகிறீர்கள் என்றால் பாலம் கட்டுவதற்கு முன்பே செலுத்திவிடுங்கள். வெறும் பெப்டைடு ஜெல் ஊசிக்குள் உடைந்து வெளியே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்ளும். வேதிப் பாலம் போட்ட பிறகு உடைந்தால் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு ஜெல்லை மட்டும் எதற்கும் எடுக்காமல் 37 டிகிரியில் தாங்கல் கரைசலில் வைத்துவிடுங்கள். பத்து நாளில் ஒருமுறை, இருபத்தொன்றாம் நாளில் ஒருமுறை ரியோமீட்டரில் அளந்து, முதல் நாள் எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள். செல் மூன்று வாரம் வளரப்போகும் ஜெல்லின் விறைப்பு முதல் நாளில் மட்டும் தெரிந்தால் போதாது.